எண்டாஸ்கோபி 'நார்மல்' என்ற பிறகும் வயிறு ஏன் அடங்கவில்லை?

எண்டாஸ்கோபி ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் அந்த நிம்மதி வருவதில்லை. இரண்டாவது இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. மதியம் சாப்பிட்ட ரசம் சாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் நெஞ்சுக்குழிக்குக் கீழே நிற்கிறது. உப்புசம், புளியேப்பம், தொப்புளுக்கு மேலே விடாத எரிச்சல். "ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே, எல்லாம் உன் மனசுதான்" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று மாதம் போனதும் அவர் சொல்வதையே நிறுத்திவிடுவார். கேஸ் மாத்திரையை மட்டும் நிறுத்த மாட்டார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இப்படி இருப்பவர்களுக்கு வழிக்குக் குறைவில்லை. மந்தைவெளியிலிருந்து கிரீன்வேஸ் சாலை வரை நடந்தால் கிளினிக், லேப், மருந்துக்கடை, இயற்கை அங்காடி எல்லாம் வழியிலேயே வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு இருப்பதால்தான் பலர் நோய் என்னவென்று தெரிந்துகொள்ளாமலே வருடக்கணக்காக எதையாவது வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இன்னொரு பக்கம் 'இம்யூனிட்டி'யைக் கூட்டும் பொடி. நாள்பட்ட அஜீரணம் உள்ள பலருக்கு அமிலமும் அதிகமில்லை, எதிர்ப்புச் சக்தியும் குறையவில்லை. அந்த எதிர்ப்புச் சக்தி குடலின் தொடக்கத்தில் தேவைக்கு மேல் விழித்திருக்கிறது என்பதுதான் கடந்த இருபது வருட ஆராய்ச்சி காட்டும் படம். இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பரிசோதனை தேவை, எது ஏமாற்று, எங்கே கேள்வி கேட்கலாம் என்பது தெளிவாகும்.

முதலில் நோயின் பெயர். புண் இல்லை, கட்டி இல்லை, பித்தப்பைக் கல் இல்லை. ஆனால் சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது, சீக்கிரமே நிறைந்துவிடுகிறது, மேல்வயிறு வலிக்கிறது அல்லது எரிகிறது. இவற்றில் ஒன்றாவது அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு மூன்று மாதமாகத் தொடர்ந்து, தொந்தரவு ஆரம்பித்தே ஆறு மாதம் கடந்திருந்தால், அதை 'ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா' என்கிறார்கள். 2016ல் வெளியான ரோம் நான்காம் வரையறை அப்படித்தான் சொல்கிறது. மருத்துவம் அங்கீகரித்த நோய் இது. 'ஒன்றுமில்லை' என்பதற்கு வைத்த நாகரிகப் பெயர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த நோயில் டாக்டர்கள் வெகுகாலம் இரைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமிலம் அதிகமா, இரைப்பை சரியாக விரியவில்லையா, மெதுவாகக் காலியாகிறதா என்று. ஸ்வீடனின் வடகோடியில் காலிக்ஸ், ஹபராண்டா என்ற இரண்டு ஊர்களில் பொதுமக்களுக்கே எண்டாஸ்கோபி செய்து ஓர் ஆய்வு நடந்தது. அங்கே எடுத்த பயாப்ஸித் துணுக்குகளை நிக்கலஸ் டாலி குழுவினர் எண்ணிப் பார்த்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். அஜீரணம் உள்ளவர்களின் இரைப்பையில் பெரிய வேறுபாடு இல்லை. இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில், அதாவது டியோடினத்தில், ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அதிகமாக இருந்தன. 2014ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி போனது. ஈசினோஃபிலோடு மாஸ்ட் செல்களும் கூடியிருந்தன. டியோடினத்தின் உட்சுவர் அணுக்களின் இணைப்பு தளர்ந்து, உள்ளே போகக்கூடாதவை கசிய வழி இருந்தது.

ஈசினோஃபில் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஈஸ்னோபீலியா ஞாபகம் வரும். தும்மல், இளைப்பு, ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருப்பது. இங்கே விஷயம் வேறு. ரத்தத்தில் எண்ணிக்கை சாதாரணமாக இருக்கலாம். டியோடினத்தின் சுவரில் மட்டும் கூடியிருக்கலாம். எண்டாஸ்கோபி கேமரா காட்டும் படத்தில் இது தெரியாது. சுவர் இளஞ்சிவப்பாக, வழவழப்பாகவே இருக்கும். துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு. ரிப்போர்ட் 'நார்மல்' என்பதும் பொய்யில்லை, உங்கள் வலியும் பொய்யில்லை.

அந்த அணுக்கள் அங்கே என்ன செய்கின்றன? குடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு உடலிலேயே கடினமான வேலை. தினம் மூன்று வேளை வெளியிலிருந்து வரும் அன்னியப் பொருளை, அதாவது சோற்றையும் பருப்பையும் பாலையும், எதிரி என்று எண்ணாமல் உள்ளே விட வேண்டும். அதோடு கலந்து வரும் கிருமியை மட்டும் பிடிக்க வேண்டும். இந்தப் பொறுமையைக் குடல் குழந்தைப் பருவத்திலேயே பழகிக்கொள்கிறது. ஒரு கடும் வயிற்றுப்போக்கோ உணவு நஞ்சாதலோ வரும்போது சிலருக்கு அந்தப் பொறுமை குலைகிறது. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிடுகின்றன. அவை பக்கத்து நரம்பு நுனிகளைக் கூர்மையாக்குகின்றன. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத ஜீரண அசைவு இவர்களுக்கு வலியாக வருகிறது. டியோடினத்திலிருந்து இரைப்பைக்குப் போகும் நரம்புச் செய்தியும் மாறுவதால், இரைப்பையின் மேல்பகுதி உணவுக்கு இடம்கொடுத்து விரிய மறுக்கிறது. இரண்டு இட்லியில் வயிறு நிறைவது அதனால்தான்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது ஆற்றை ஒட்டிய தெருக்களில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் வானிலை மையம் 'கனமழை' என்று சொன்னதும் காரை எங்கே மேட்டில் நிறுத்தலாம் என்று பார்க்கிறார்கள். வெள்ளம் வடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. உஷார் மட்டும் வடியவில்லை. கிருமி போன பிறகும் டியோடினத்தின் அணுக்கள் அப்படித்தான் இருக்கின்றன.

இதற்கு ஒரு ஊரே சாட்சி. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் குடிநீரில் ஈ.கோலை, கேம்பிலோபாக்டர் கிருமிகள் கலந்தன. சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வருடம் கழித்து அதே ஊர் மக்களை விசாரித்தபோது, அன்று நோயுற்றவர்களிடம் அஜீரணத் தொந்தரவு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. தமிழ்நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒரு கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு, மதுரைப் பக்கக் கிராமங்களில் வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவியது. பலருக்கு அது நிற்காமல் மாதக்கணக்கில் நீண்டு, உண்டது உடம்பில் ஒட்டாமல், நாக்கு வெந்து, ரத்தசோகையில் முடிந்தது. வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்த 'டிராபிக்கல் ஸ்ப்ரூ' அதுதான். அது இன்றைய அஜீரணத்தைவிடப் பன்மடங்கு கொடியது. ஆனாலும் ஒரு தொற்று போன பிறகும் சிறுகுடல் வெகுநாள் மாறிக் கிடக்கும் என்பதை நம் மண்ணிலேயே காட்டிய நிகழ்வு. உங்கள் டாக்டரிடம், "எனக்கு இது எப்போது ஆரம்பித்தது தெரியுமா? அந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த பேதியிலிருந்து" என்று சொல்வது வெறும் கதை ஆகாது. நோயறிதலுக்கு உதவும் தகவல் அது. தயங்காமல் சொல்லுங்கள்.

2021 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் லூவனின் கீ பூக்ஸ்டான்ஸ் குழு ஒரு முடிவை வெளியிட்டது. குடல் தொற்று நடக்கும் நேரத்தில் எலிகளுக்கு ஒரு புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று முற்றிலும் ஆறிய பின்னும் அதே புரதத்தைத் தந்தபோது அவற்றுக்கு வயிற்று வலி வந்தது. குடலுக்குள் மட்டும் அந்த உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. ரத்தத்தில் அந்த ஒவ்வாமை காட்டவில்லை. அடுத்து எரிச்சல் குடல் நோய் உள்ள 12 பேரின் மலக்குடல் சுவரில் கோதுமை, பால், சோயா, குளூட்டன் ஆகியவற்றை ஊசியால் ஒரு பொட்டு ஏற்றினார்கள். 12 பேருக்குமே ஏதாவது ஒன்றுக்கு அந்த இடம் தடித்தது. நல்ல உடல்நிலையில் இருந்த 8 பேரில் இரண்டு பேருக்குத்தான் தடித்தது. இது பெருங்குடல் சார்ந்த ஆய்வு, அஜீரணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. "எனக்குச் சப்பாத்தி ஒத்துக்கல" என்று ஒருவர் சொல்வதை இனியும் கேலி செய்ய முடியாது என்ற அளவுக்கு அது போதும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, "என் டியோடினத்தில் ஈசினோஃபில் எண்ணிச் சொல்லுங்கள்" என்று போய் நிற்கத் தோன்றும். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. எத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. நம் ஊரில் குடல் புழுக்களாலும் இந்த அணுக்கள் கூடும். அதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு குடலில் இருக்கும்போது, அதைப் பார்க்காமல் 'எதிர்ப்பு அணு அதிகம்' என்று ஸ்டீராய்டு கொடுத்தால், புழு உடல் முழுக்கப் பரவி உயிருக்கே முடிவாகலாம். அலர்ஜிக்கு என்று கடையில் தானாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பு மண்டலம் நேரடியாகக் கெடுக்கும் வேறு நோய்களும் அஜீரண வேடத்தில் வரும். அவற்றுக்குத் திட்டமான பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. அவற்றைத் தவறவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

ஹெச். பைலோரி கிருமியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல் 1984ல் கிருமிக் கரைசலைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது, ஆனால் விரட்ட முடிவதில்லை. அந்த முடிவில்லாத போராட்டமே இரைப்பையைப் புண்ணாக்குகிறது. 1994ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பரிசோதனையில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போனால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும், டாக்டரிடம் கேட்டு, நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பரிசோதனை பழைய தொற்றையும் இன்றைய தொற்றையும் பிரித்துச் சொல்லாது. சிகிச்சை முடிந்து கிருமி போயிற்றா என்று மறுபடி பார்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது ஆட்டோஇம்யூன் இரைப்பை அழற்சி. மயிலாப்பூர், ஆர்.ஏ.புரம் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் இது எளிதாக மறைந்துவிடும். இதில் உடலின் எதிர்ப்பு மண்டலமே இரைப்பையின் அமிலம் சுரக்கும் செல்களை அழிக்கிறது. அமிலம் குறைகிறது, பி12 உறிஞ்சப்படுவதும் நிற்கிறது. வயிறு மந்தமாக இருக்கும், கால் மரத்துப்போகும், களைப்பு, மறதி. ரத்தத்தில் பி12 குறைவு என்று தெரிந்ததும், "நீங்க வெஜிடேரியன், அதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவது வழக்கம். பல நேரம் அது சரிதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதாலும் பி12 குறையும். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, மேல்வயிறு மந்தமும் பி12 குறைவும் சேர்ந்து வந்தால், இரைப்பையின் மேல்பகுதியிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமா, பெரைட்டல் செல் ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். அமிலமே சுரக்காத வயிற்றுக்கு வருடக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பதைவிட வீண் வேலை இல்லை.

கோதுமையில் உள்ள குளூட்டனால் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலையே தாக்கும் சீலியக் நோய் நம் பக்கம் குறைவு. பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் மூன்று பகுதிகளில் நடந்து 2016ல் வெளியான ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வேலூரில் நூற்றுக்கு 0.10 பேருக்கும்தான் அந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. மரபணு அளவில் பெரிய வேறுபாடு இல்லை. கோதுமை சாப்பிடும் அளவில்தான் மலையளவு வேறுபாடு. வீட்டுக்கு வீடு இரவு சப்பாத்தி ஆகிவிட்ட சென்னையில் இது யோசிக்க வேண்டிய விஷயம். இதற்கு டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையை நிறுத்திய பிறகு பார்த்தால் அது பொய் சொல்லும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

இந்தப் பத்தியம் என்ற பேச்சில்தான் இப்போது பெரிய வியாபாரம் நடக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் நூறு, இருநூறு உணவுகளுக்கு 'சகிப்பின்மை' பார்த்துத் தருகிறோம் என்று லேப்கள் விளம்பரம் செய்கின்றன. வண்ணப் படத்தோடு பல பக்க ரிப்போர்ட் வரும்: அரிசி சிவப்பு, துவரம்பருப்பு மஞ்சள், தயிர் சிவப்பு. இவற்றில் பெரும்பாலானவை பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. தினம் சாப்பிடும் உணவுக்கு உடலில் ஐஜிஜி இருப்பது இயல்பு. அந்த உணவை உடல் பழகிக்கொண்டதன் அடையாளம் அது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008லும் கனடா அமைப்பு 2012லும் இந்தப் பரிசோதனையை நோயறிய வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. அந்த வண்ணப் பட்டியலை நம்பி அரிசியும் பருப்பும் தயிரும் நிறுத்திய அறுபது வயதுக்காரர் கதி என்ன ஆகும்? எடை குறையும், எடை குறைந்ததால் புற்றுநோயோ என்ற பயம் வரும், அதற்கு மறுபடி ஸ்கேன்.

இம்யூனிட்டிப் பொடிகள் கொரோனாவுக்குப் பிறகு சமையலறை அலமாரியில் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. ரசத்தில் போடும் மிளகு, சீரகம், மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் கேப்சூலாக, சாறாக, செறிவூட்டிய வடிவில் எடுப்பது வேறு விஷயம். 2021ல் மும்பை டாக்டர்கள் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு வந்த கல்லீரல் அழற்சியை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அது எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. பிறகு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இதே போன்ற நோயாளிகளைப் பதிவு செய்தன. தைராய்டோ வேறு ஆட்டோஇம்யூன் நோயோ உள்ளவர்கள் இதைத் தானாகச் சாப்பிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே தேவைக்கு மேல் விழித்திருக்கும் ஒன்றை இன்னும் எழுப்பிவிடுவதில் என்ன லாபம்?

இனி மாத்திரைக்கு வருவோம். மாலை ஏழு மணிக்கு எந்த மருந்துக்கடை கவுன்டரில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள்.

"தம்பி, அந்த கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு."

"வெறும் நாப்பதா, டி போட்டதா சார்?"

"டி போட்டதே குடுப்பா, அதான் கேக்குது."

அவ்வளவுதான். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அட்டையின் பின்புறத்தைத் திருப்பினால் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் 'அட்டவணை ஹெச்' என்று அச்சிட்டிருக்கும். பான்டபிரசோல், டாம்பெரிடோன் இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. அந்த 'டி'தான் டாம்பெரிடோன். 2014ல் ஐரோப்பிய மருந்து முகமை அதை ஆராய்ந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் ஆபத்து இருப்பதால் வாந்திக்கும் குமட்டலுக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தர வேண்டும் என்றது. உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரக்கூடாது என்றது. இங்கே அதே உப்புசத்துக்கு வருடக்கணக்கில் தினமும் ஒன்று. இதய மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே அட்டையைப் பாருங்கள். ரானிடிடின் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் ஆபத்துள்ள பொருள் அதில் உருவாவதால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியா 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

பான்டபிரசோல் வகை மாத்திரைகள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. இந்த நோயில் நான்கு முதல் எட்டு வாரம் அவற்றைக் கொடுத்துப் பார்ப்பது சரியான முறை. 2021ல் லூவன் குழு காட்டியபடி, ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ளவர்களிடம் அவை டியோடினத்தின் ஈசினோஃபிலையும் மாஸ்ட் செல்களையும் குறைக்கின்றன. அமிலம் அதிகமில்லாதவருக்கும் சில நேரம் ஏன் கேட்கிறது என்பதற்கு அது ஒரு விளக்கம். தேவையில்லாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையலாம், குடல் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். ஒருநாள் ஆவேசமாக எல்லாவற்றையும் நிறுத்தினாலும் சிக்கல்தான். டென்மார்க்கில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்தியபோது நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல், அஜீரணம் போன்ற தொந்தரவுகள் புதிதாக வந்தன. "நிறுத்தினா வருது, அப்ப எனக்கு இது தேவைதான்" என்று நினைத்துத் திரும்பவும் ஆரம்பிப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அளவைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கி வர வேண்டும். டாக்டரிடம் அதற்கு ஒரு திட்டம் கேளுங்கள்.

குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தால், "எனக்கு மனநோயா?" என்று கோபப்பட்டுக் கிழித்துப்போட வேண்டாம். கூர்மையாகிவிட்ட குடல் நரம்பைத் தணிக்கத்தான் அது. குறிப்பாக வலி முதன்மையாக உள்ளவர்களுக்கு அது பலன் தருவதை 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எதற்காகத் தருகிறோம் என்பதை அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை.

இதெல்லாம் ஆபத்து அறிகுறி இல்லாதவர்களுக்கான பேச்சு. காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய், நடு வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்த அஜீரணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கேஸ் மாத்திரை வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், எண்டாஸ்கோபிக்குப் போங்கள். சென்னை ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறது. 'கேஸ்' என்று நினைத்து மாரடைப்பைத் தவறவிடுவதும் நம் ஊரில் தீராத துயரம். வியர்வையோடு, மூச்சு வாங்கலோடு, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நெஞ்சு அழுத்தம் வந்தால் சோடா தேட வேண்டாம். 108.

இனி உரிமைகள். நோயாளி உரிமைச் சாசனம் என்ற ஒன்றைத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்தது. 2019ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. நோய் என்ன, மாற்றுச் சிகிச்சை என்ன, செலவு எவ்வளவு என்று கேட்பது, வேறு டாக்டரிடம் இரண்டாம் கருத்து வாங்குவது, மருந்தையும் பரிசோதனையையும் விருப்பமான இடத்தில் செய்துகொள்வது எல்லாம் அதில் உண்டு. சாசனம் தனியாக ஒரு சட்டமில்லை. ஆனால் மருத்துவ ஆவணத்தைப் பொறுத்தவரை 2002ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே போதும்: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எண்டாஸ்கோபி அறிக்கையோடு பயாப்ஸி அறிக்கையையும் கேளுங்கள். எந்தெந்த இடத்திலிருந்து துணுக்கு எடுத்தார்கள் என்பதைப் படியுங்கள். பல ரிப்போர்ட்டுகளில் 'ஆன்ட்ரம்' என்ற இரைப்பையின் கீழ்ப்பகுதி ஒன்றுதான் இருக்கும். டியோடினமோ இரைப்பையின் மேல்பகுதியோ இருக்காது. இரண்டாவது டாக்டர் மறுபடி எண்டாஸ்கோபி தேவையா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

'குடல் புண் நிரந்தரமாகக் குணமாகும்' என்று மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸும் வாட்ஸாப்பில் வரும் வீடியோவும் சட்டப்படியே தவறு. 1954ம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் வயிற்றுக் குடல் புண்களும் இருக்கின்றன. அதற்கும் சீட்டில்லாமல் விற்கும் கடைக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். நோட்டீஸைக் கிழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தையும் சேவை என்று தீர்த்தது. இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதே நீதிமன்றம், நோயைக் கணிப்பதில் நேர்ந்த தவறு மட்டுமே அலட்சியம் ஆகாது என்றும் சொன்னது. நோய் பிடிபடத் தாமதமானது என்பதோடு நிறுத்தாமல், ஆபத்து அறிகுறியை எழுதிக்கொடுத்தும் பார்க்கவில்லை, ரிப்போர்ட் தர மறுத்தார்கள், சொல்லாமல் பரிசோதனை செய்து பில் போட்டார்கள் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால்தான் வழக்கு நிற்கும். ஐஜிஜி பரிசோதனையை 'உணவு அலர்ஜி கண்டுபிடிக்கும்' என்று சொல்லி விற்றிருந்தால் அந்த விளம்பரத்தையும் பில்லையும் சேர்த்து வையுங்கள்.

ஆர்.ஏ.புரத்து வீடுகளில் வேலை செய்யப் பட்டினப்பாக்கத்திலிருந்தும் சீனிவாசபுரத்திலிருந்தும் வரும் பெண்களுக்கும் இதே வயிறுதான், இதே எரிச்சல்தான். அவர்கள் போவது ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு. எல்லோருக்கும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று அதே சாந்தா தீர்ப்பு சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையில் அலட்சியமாக நடத்தினார்கள், ஆவணம் தரவில்லை என்றால் அவர்களுக்கு ஒரு கதவு உண்டு. மாநில மனித உரிமைகள் ஆணையம் நம் கிரீன்வேஸ் சாலையில்தான், பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை என்ற பெயர்ப்பலகையோடு இருக்கிறது. வக்கீல் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நடந்த ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அந்த ஒரு தாளை எழுதிக்கொடுப்பதும், சீட்டின் நகலை அதோடு பின் அடித்துத் தருவதும் அவர்கள் வேலை செய்யும் வீட்டில் உள்ளவர்களால் முடிகிற காரியம்தான்.